கேட்பதற்கு முன்பே பதில்: நகரத்து மக்களை உங்கள் ஊருக்கு வரவழைக்கக் கைப்பேசி வழியே ஒரு வழிகாட்டி

திருவாரூர் மாவட்டத்தில் மன்னார்குடிக்கும் வடுவூருக்கும் நடுவே, வாய்க்காலை ஒட்டி இருக்கிறது எங்கள் ஊர். தாத்தா கட்டிய ஓட்டு வீட்டில் நான்கு வருடங்களாக நகரத்துக் குடும்பங்களைத் தங்க வைக்கிறோம். தொடங்கிய புதிதில், எங்கள் ஊரைப் பற்றி யாருக்கும் தெரியாததால்தான் ஆள் வரவில்லை என்று நினைத்தேன். பச்சை வயல், கொக்கு, விடியற்காலைப் பனி என்று படம் படமாகப் போட்டேன். விருப்பக்குறிகள் குவிந்தன. விசாரணைகளும் வந்தன. ஆனால் முதல் மூன்று மாதத்தில் வீட்டு வாசலில் வந்து இறங்கியது ஒரே ஒரு குடும்பம்.

பிறகு கோயம்புத்தூரிலிருந்து ஓர் அம்மா பேசினார். "தம்பி, எல்லாம் நல்லா இருக்கு. எங்க மாமியாருக்கு முட்டி வலி. உட்கார்ற மாதிரி டாய்லெட் இருக்கா?" இருந்தது. நாங்கள் முதல் வேலையாகக் கட்டியதே அதைத்தான். ஆனால் நான் போட்ட நூற்றுக்கும் மேற்பட்ட படங்களில் ஒன்றில்கூட அது இல்லை. அவர் கேட்டுவிட்டார். கேட்கக் கூச்சப்பட்டு விலகியவர்கள் எத்தனை பேரோ!

நகரத்தில் இருப்பவர்களுக்குக் கிராமத்தின் மேல் ஆசை குறைவு இல்லை. தயக்கம்தான் அதிகம். வழி தெரியுமா, ராத்திரியில் போய்ச் சேர்ந்தால் என்ன செய்வது, குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் டாக்டர் இருக்கிறாரா, அலுவலகத்திலிருந்து அழைத்தால் சிக்னல் கிடைக்குமா, எவ்வளவு கேட்பார்கள். இந்தக் கேள்விகளுக்கு, அவர்கள் கேட்பதற்கு முன்பே பதிலைக் கண்ணில் படும்படி வைப்பதுதான் கைப்பேசியின் வேலை. கீழே சொல்வதெல்லாம் அதற்கான வழிதான். பூட்டிக் கிடக்கும் பூர்வீக வீடு வைத்திருப்பவர்கள், ஊரோடு தங்கிவிட்ட இளைஞர்கள், மகளிர் சுய உதவிக் குழுக்கள் என்று யார் வேண்டுமானாலும் தொடங்கலாம். சுமாரான ஒரு ஸ்மார்ட்போன் போதும்.

1. முதலில் ஊரில் பேசுங்கள்

கைப்பேசியை எடுப்பதற்கு முன் செய்ய வேண்டியது இது. அக்கம்பக்கம், ஊராட்சித் தலைவர், கோயில் காரியம் பார்ப்பவர்கள், நடவுக்குப் போகும் அக்காமார் எல்லோரிடமும் சொல்லுங்கள். வெளியூர்க்காரர்கள் வருவார்கள், இரண்டு நாள் இருப்பார்கள், இன்ன இன்ன இடத்துக்குக் கூட்டிப் போகப்போகிறோம் என்று. எங்கள் தெருவில் ஒரு பெரியம்மா, "நாங்க குளிக்கிற படித்துறைப் பக்கம் போட்டோ எடுக்க வருவாங்களா?" என்று கேட்டார். அந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. அன்றைக்கே ஒரு விதி போட்டோம். காலை ஒன்பது மணி வரை படித்துறைப் பக்கம் விருந்தினர் யாரும் போகக் கூடாது. அதற்குப் பிறகும் ஆள் இருந்தால் படம் எடுக்கக் கூடாது.

வருமானம் ஒரு வீட்டோடு நின்றால் ஊருக்குள் மனக்கசப்பு வரும். சமையல் ஒரு வீட்டில், மாட்டு வண்டி ஒருவருடையது, இளநீர் இறக்குபவர் இன்னொருவர், கோலம் சொல்லிக் கொடுப்பவர் வேறொருவர் என்று பிரித்துக் கொள்ளுங்கள். எல்லாத் தெருவும் சேர்ந்ததுதான் ஊர். வருகிறவர் எந்தச் சாதி என்று கேட்கும் பழக்கமும், இன்ன தெருவுக்குப் போக வேண்டாம் என்று தடுக்கும் பழக்கமும் இருக்கிற இடத்தில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். முதலில் அதைச் சரி செய்யுங்கள்.

2. யாரை, எப்போது அழைக்கப் போகிறீர்கள்?

"எல்லோரும் வாருங்கள்" என்ற அழைப்பு யாருக்குமான அழைப்பு இல்லை. இதை எனக்குப் புரிய வைத்தது ஜப்பானில் உள்ள கமியாமா என்ற மலை ஊரின் கதை. ஷிகோகு தீவில், தொகுஷிமா மாநிலத்தில் இருக்கிறது. மக்கள்தொகை இப்போது ஏறக்குறைய 5,000. இளைஞர்கள் எல்லாம் நகரத்துக்குப் போய், வீடுகள் பூட்டிக் கிடந்த ஊர். அந்த மாநிலத்தில் கண்ணாடி இழைக் கம்பி வழி இணையம் மூலை முடுக்கெல்லாம் போனதற்குக் காரணம் தொலைக்காட்சி. 2011-இல் பழைய முறை ஒளிபரப்பு நிற்கப்போகிறது, அதற்குப் பிறகு பக்கத்து மாநிலங்களின் சேனல்கள் தெரியாமல் போய்விடும் என்பதற்காகக் கம்பி இழுத்தார்கள். இணையம் கூடவே வந்தது.

ஊர்க்காரர்கள் 2008-இல் ஓர் இணையதளம் தொடங்கினார்கள். அங்கே நடக்கும் கலை முகாம்களைப் பற்றித்தான் எல்லோரும் படிப்பார்கள் என்று நினைத்தார்கள். ஆனால் அதிகம் பேர் திறந்து பார்த்தது, ஊரில் காலியாக இருக்கும் வீடுகளின் பட்டியலை! பழைய வீடு எப்படி இருக்கிறது, வாடகை எவ்வளவு என்ற தகவலைத்தான் வெளியூர்க்காரர்கள் தேடியிருக்கிறார்கள். அங்கிருந்துதான் ஊர்க்காரர்களுக்கு வழி பிறந்தது. இந்த வீட்டுக்கு ரொட்டி சுடுபவர் வேண்டும், அந்த வீட்டுக்கு வடிவமைப்பாளர் வேண்டும் என்று, ஊருக்கு எந்தத் தொழில்காரர் தேவையோ அவரைக் குறிப்பிட்டு அழைக்கத் தொடங்கினார்கள். 2010-இல் டோக்கியோவின் சான்சான் என்ற மென்பொருள் நிறுவனம் ஒரு பழைய பண்ணை வீட்டை வாடகைக்கு எடுத்துக் கிளை அலுவலகமாக்கியது. 2011-இல் ஊரை விட்டுப் போனவர்களைவிட வந்து குடியேறியவர்கள் அதிகம். 2023 ஏப்ரலில் புதிதாக ஒரு தொழில்நுட்பக் கல்லூரியே திறந்தார்கள்.

நம் ஊர் கமியாமா ஆகிவிடும் என்று சொல்லவில்லை. ஆனால் இரண்டு பாடங்கள் நமக்கும் உண்டு. நாம் காட்ட நினைப்பது வேறு, அவர்கள் தேடுவது வேறு. அப்புறம், யார் வர வேண்டும் என்பதை ஊர் தீர்மானிக்கலாம்.

காகிதத்தில் ஒரு நாட்காட்டி போடுங்கள். எங்கள் நாட்காட்டி இப்படி இருக்கிறது. மேட்டூர் அணை ஜூன் 12 திறந்தால், ஜூன் கடைசி முதல் ஜூலை வரை குறுவை நடவு. அப்போது சேற்றில் இறங்க ஆசைப்படும் குடும்பங்கள். ஆடிப்பெருக்குக்குத் தாத்தா பாட்டியோடு வருபவர்கள். அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் எங்கள் பகுதித் தென்னந்தோப்புகளைச் சாய்த்துப் போட்டதை மறக்க முடியாது. அதனால் நவம்பரில் குழந்தைகளோடு வருபவர்களை நாங்களே தவிர்க்கச் சொல்கிறோம். மழை விட்ட டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரை பறவை பார்ப்பவர்கள். தையில் பொங்கலும் சம்பா அறுவடையும். அதன்பின் தரிசில் தெளித்த உளுந்தும் பயறும் காய்க்கும் காலத்தில், கொஞ்ச நாள் அமைதியாக இருந்து வேலை பார்க்க நினைப்பவர்கள். ஏப்ரல், மே மாதங்களில் வெயில் கொளுத்தும். வெயிலை மறைக்காமல் அப்படியே சொல்லிவிடுங்கள்.

3. சிக்னலை நடந்து பாருங்கள்

மூன்று நிறுவனங்களின் சிம் கார்டுகளை இரவல் வாங்கி, ஏதாவது ஒரு வேகம் பார்க்கும் செயலியோடு வீடு முழுக்க நடங்கள். திண்ணை, கூடம், மாடி, கொல்லைப்புறம். காலை பத்து மணிக்கு ஒரு முறை, இரவு எட்டு மணிக்கு ஒரு முறை. இரவில் ஊரே வீடியோ பார்க்கும், வேகம் சரியும். பலர் இறக்கும் வேகத்தை (டவுன்லோட்) மட்டும் பார்த்துவிட்டுத் திருப்தி அடைகிறார்கள். அலுவலக வேலைக்கு ஏற்றும் வேகம்தான் (அப்லோட்) முக்கியம். காணொளிக் கூட்டத்துக்கு நொடிக்கு 3 முதல் 4 மெகாபிட் (Mbps) இருந்தால் தடங்கல் இருக்காது. "மாடியில் இந்த சிம் நன்றாக எடுக்கும், கூடத்தில் எதுவும் எடுக்காது" என்று அப்படியே எழுதி வையுங்கள். இந்த ஒரு வரியை நம்பியே வந்தவர்கள் உண்டு.

ஊராட்சிகளுக்குக் கண்ணாடி இழைக் கம்பி கொண்டு செல்லும் பாரத்நெட் திட்டம் 2011-இல் ஒப்புதல் பெற்றது. தமிழகத்தின் 12,500-க்கும் மேற்பட்ட ஊராட்சிகளை இணைக்கும் வேலையைத் தமிழக அரசு நிறுவனமான டான்ஃபிநெட் பார்க்கிறது. உங்கள் ஊராட்சி அலுவலகம் வரை கம்பி வந்துவிட்டதா, வீட்டுக்கு இணைப்பு எப்போது கிடைக்கும் என்று ஊராட்சிச் செயலரிடம் கேளுங்கள். கேபிள் டிவி நடத்துபவரிடமும் கேளுங்கள். பல ஊர்களில் அவரே இணைய இணைப்பும் தருகிறார். மோடத்துக்கு ஒரு சின்ன இன்வெர்ட்டர் கட்டாயம். மின்சாரம் போனால் இணையமும் போய்விடுகிறது என்றால், வேலைக்காக வருபவர் மறுபடி வர மாட்டார்.

கிராமத்திலிருந்து கணினி வேலை நடக்குமா என்று சந்தேகப்படுபவர்களுக்குத் தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையைக் காட்டுங்கள். ஜோஹோ என்ற மென்பொருள் நிறுவனம் 2011-லிருந்து அங்கே அலுவலகம் வைத்திருக்கிறது.

4. வரைபடத்தில் ஊரை வையுங்கள்

இதற்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். நகரத்துக்காரர் முதலில் திறப்பது வரைபடத்தைத்தான்.

கூகுள் மேப்பில் உங்கள் வீடு இருக்கும் இடத்தில் விரலை அழுத்திப் பிடித்தால் குறி விழும். அதோடு எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு குறியீடு வரும். அதற்குப் பிளஸ் கோட் என்று பெயர். கதவு எண்ணும் தெருப் பெயரும் இல்லாத இடத்துக்கும் அது முகவரி மாதிரி வேலை செய்யும். அதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நீங்களே அங்கே இருந்து விருந்தினரைக் கவனிக்கும் வீடு என்றால் கூகுள் பிசினஸ் புரொஃபைலிலும் சேர்க்கலாம். தெரு, வாசல், உள்ளே நுழைந்து நீங்கள் கதவைத் திறப்பது என்று ஒரே மூச்சில் எடுத்த வீடியோவைக் கேட்டுச் சரிபார்ப்பார்கள். அதனால் வீடியோ எடுப்பதற்கு முன்பே வாசலில் பெயர்ப்பலகை மாட்டிவிடுங்கள்.

குறியை எங்கே வைக்கிறீர்கள் என்பதில் கவனம் வேண்டும். நான் முதலில் வீட்டுக் கூரையின் மேல் சரியாகத்தான் வைத்தேன் என்று நினைத்திருந்தேன். ஆனால் அது பின்பக்கம் இருக்கும் களத்தின் மேல் விழுந்திருந்தது. திருச்சியிலிருந்து ராத்திரி வந்த ஒரு குடும்பத்துக்கு, களத்துக்குக் கிட்டத்து வழி என்று வாய்க்கால் கரையைக் காட்டியிருக்கிறது. கரையில் பாதி தூரம் வந்த பிறகு காரைத் திருப்ப இடம் இல்லை. இந்தப் பக்கம் தண்ணீர், அந்தப் பக்கம் நாற்றங்கால். ஒரு பர்லாங்கு தூரம் பின்னாலேயே ஓட்டிப் போனார்கள், பின் இருக்கையில் கைக்குழந்தையோடு. அந்தத் தப்பு முழுக்க என்னுடையது. இப்போது குறியைத் தார்ச்சாலையை ஒட்டிய முன்வாசலில் வைத்திருக்கிறேன். நீங்கள் குறி வைத்ததும், ஊருக்குப் பழக்கம் இல்லாத ஒருவரை வண்டியோடு அனுப்பி, வரைபடம் சொல்கிறபடியே வரச் சொல்லுங்கள். நீங்கள் கூட இருந்து வழி சொல்லக் கூடாது.

அப்புறம், கடைசி இரண்டு கிலோமீட்டருக்கு வரைபடத்தை மட்டும் நம்பாதீர்கள். பிரதான சாலையிலிருந்து வீடு வரை ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று ஒரு படம் எடுங்கள். டீக்கடை, அய்யனார் கோயில், மதகு, தண்ணீர்த் தொட்டி. ஏழெட்டுப் படம் போதும். ஒவ்வொன்றின் மேலும் ஓர் அம்புக்குறி போட்டு வரிசையாக வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். பகலில் ஒரு தொகுப்பு, இருட்டில் ஒரு தொகுப்பு. சிக்னல் இல்லாத இடத்திலும் அது திறக்கும். வருகிற அன்று நேரலை இருப்பிடத்தை 8 மணி நேரத்துக்குப் பகிரச் சொன்னால் அவர்கள் எங்கே வருகிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். ரயிலில் வருபவர்களுக்கு, சென்னை எழும்பூரிலிருந்து இரவு புறப்படும் மன்னை எக்ஸ்பிரஸ் காலையில் மன்னார்குடிக்கு வந்துவிடும், நிலையத்திலிருந்து ஆட்டோவுக்கு இவ்வளவு ஆகும் என்று உங்கள் ஊர்க் கணக்கையும் சேர்த்து எழுதுங்கள். பக்கத்து மருத்துவமனை, மருந்துக்கடை, பெட்ரோல் பங்க், பணம் எடுக்கும் இயந்திரம் எவ்வளவு தூரம் என்பதும் அதே செய்தியில் இருக்கட்டும்.

5. படம் எடுப்பது

கட்டில், மெத்தை, கொசுவலை, மின்விசிறி, கழிப்பறை, குளியலறை, படிக்கட்டு எத்தனை, கார் நிறுத்தும் இடம். இவற்றை முதலில் எடுங்கள். வயலும் கொக்கும் அப்புறம். லென்ஸைத் துணியால் துடைத்துவிட்டு, காலை ஏழு மணி வெளிச்சத்தில் ஜன்னலுக்கு முதுகு காட்டி நின்று எடுத்தால் சாதாரணக் கைப்பேசியிலேயே நன்றாக வரும். அழகு சேர்க்கும் வடிகட்டிகள் வேண்டாம். வாய்க்காலில் தண்ணீர் வராத மாதத்தில், போன வருடத்துத் தண்ணீர்ப் படத்தைப் போடக் கூடாது. எடுத்த மாதத்தைப் படத்தின் கீழ் எழுதுங்கள்.

வீடியோவில் பேச்சைவிட ஊரின் சத்தம் இருக்கட்டும். பம்புசெட் தண்ணீர் கொட்டுவது, விடியற்காலையில் குயில், மார்கழியில் கோயில் ஒலிபெருக்கி. ஒலிபெருக்கியை ஏன் சொல்கிறேன் என்றால், அதுவும் ஊரில் உண்டு, காலை நான்கரைக்கே தொடங்கிவிடும். தெரிந்து வருபவருக்கு அது ஓர் அனுபவம். தெரியாமல் வருபவருக்குத் தூக்கக் கேடு.

நடவு நடும் பெண்களைக் கேட்காமல் எடுக்காதீர்கள். எடுத்த படத்தை அவர்களிடம் காட்டி, போடலாமா என்று கேட்டுவிட்டுப் போடுங்கள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குனிந்து வேலை செய்பவரை, ஊர் பேர் தெரியாத ஆயிரம் பேர் பார்க்கப் போகிறார்கள். அதைத் தீர்மானிக்க வேண்டியவர் அவர்தான். ஊர்க் குழந்தைகளின் முகம் தெரியும் படத்தைப் பொதுவில் போடவே வேண்டாம்.

6. தேடி வருபவர்கள் இருக்கும் இடத்துக்குப் போங்கள்

எங்களுக்கு அதிகம் பலன் தந்தது இதுதான். பொதுவாக வீடியோ போட்டுக்கொண்டிருப்பதை விட்டு, குறிப்பிட்ட ஓர் ஆர்வம் உள்ளவர்கள் கூடும் இடத்தில் நம் ஊரைப் பற்றிய உண்மையான தகவலைச் சேர்ப்பது.

வடுவூர் ஏரி 1999-லிருந்து பறவைகள் சரணாலயம். 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் இடம் பெற்றது. ஊசிவால் வாத்து, அரிவாள் மூக்கன், நத்தைகுத்தி நாரை என்று குளிர்காலத்தில் ஏரி நிறைந்திருக்கும். பறவை பார்ப்பவர்கள் விடுமுறை இடங்களை விளம்பரத்தில் தேடுவதில்லை. கார்னெல் பல்கலைக்கழகத்தின் பறவையியல் ஆய்வகம் 2002-இல் தொடங்கிய ஈபேர்ட் தளத்தில், எந்த ஊரில் எந்த மாதம் என்ன பறவை பதிவாகியிருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் பையைக் கட்டுகிறார்கள். வடுவூர் எல்லோருக்கும் தெரியும். அதைச் சுற்றியுள்ள குளங்களும் வயல்களும் யாருக்குத் தெரியும்?

எங்கள் ஊர்ப் பள்ளிப் பிள்ளைகள் நான்கு பேர் ஈபேர்ட் செயலியில் பட்டியல் போடக் கற்றுக்கொண்டார்கள். ஓர் இடத்தில் 15 நிமிடம் நின்று, பார்த்த பறவைகளை எண்ணிப் பதிய வேண்டும். அவ்வளவுதான். பெயர் தெரியாவிட்டால் மெர்லின் என்ற இன்னொரு செயலி குரலைக் கேட்டும் படத்தைப் பார்த்தும் உதவும். அது சொல்வதையும் சரிபார்த்துவிட்டுத்தான் பதிய வேண்டும். 2015-லிருந்து ஒவ்வொரு பொங்கலுக்கும் தமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர்கள் சேர்ந்து கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். அதில் எங்கள் பிள்ளைகளும் பதிந்தார்கள். அடுத்த குளிர்காலத்தில், "உங்க ஊர்க் குளத்துப் பட்டியலைப் பார்த்தேன்" என்று சொல்லிக்கொண்டு இரண்டு பேர் வந்தார்கள். அவர்களைக் குளத்துக்குக் கூட்டிப் போனது பட்டியல் போட்ட பிள்ளைகள்தான். கூடப் பெரியவர் ஒருவரும் போனார்.

உங்கள் ஊரில் பறவை இல்லாமல் இருக்கலாம். வேறு ஏதாவது இருக்கும். பழைய கல்வெட்டு இருந்தால் வரலாற்று நடை போகும் குழுக்கள் இருக்கின்றன. பாரம்பரிய நெல் இருந்தால் அதற்கென்றே கூட்டம் உண்டு. திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஆதிரெங்கத்தில், பாரம்பரிய நெல் விதைகளைத் தேடிச் சேர்த்த நெல் ஜெயராமன் நடத்தி வந்த நெல் திருவிழாவுக்கு எங்கிருந்தெல்லாம் ஆள் வந்தார்கள் என்பதை இந்தப் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். தெருக்கூத்து, தறி, பானை, சைக்கிள் ஓட்டத் தோதான ஆற்றங்கரைச் சாலை எதுவும் சரிதான். அந்தக் குழுக்களில் சேர்ந்து, மூன்று மாதம் தகவல் மட்டும் கொடுங்கள். வீட்டைப் பற்றிப் பேசாதீர்கள். அவர்களே கேட்பார்கள்.

7. விசாரிப்பவரிடம் பேசுவது

வாட்ஸ்அப் பிசினஸ் செயலியை இறக்கி, வீட்டு எண் வேறு, இந்த எண் வேறு என்று பிரித்துவிடுங்கள். அதில் அறை, சாப்பாடு, வண்டி என்று படத்தோடும் விலையோடும் பட்டியல் போடலாம். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்குப் பதிலை ஒரு முறை தட்டி வைத்துவிட்டால், ஒரு சொல்லில் அனுப்பலாம். வயலில் இருக்கும்போது தானாகப் பதில் போகும் வசதியும் உண்டு. "நடவில் இருக்கிறேன், மதியம் இரண்டு மணிக்குப் பேசுகிறேன்" என்று வைத்திருக்கிறேன். பலருக்கு அந்த வரி பிடித்திருக்கிறது.

விலையைத் "தனியாகக் கேளுங்கள்" என்று மறைக்காதீர்கள். ஆளுக்கு இவ்வளவு, மூன்று வேளைச் சாப்பாடு சேர்த்து, ஐந்து வயதுக்குக் கீழே கட்டணம் இல்லை, மாட்டு வண்டிக்கு இவ்வளவு, அசைவம் முதல் நாளே சொல்ல வேண்டும் என்று முழுதாகப் போடுங்கள். முன்பதிவுத் தளங்களில் சேரலாம், ஆனால் அவை கமிஷன் எடுத்துக்கொள்ளும். சேர்வதற்கு முன் எவ்வளவு என்று கேட்டு, உங்கள் விலையில் அதைத் தாங்க முடியுமா என்று பாருங்கள். எங்களுக்கு முதல் வருடம் தேவைப்பட்டது, இப்போது தேவைப்படவில்லை.

8. பணம்

நான்கில் ஒரு பங்கை யூபிஐ வழியாக முன்பணமாக வாங்குங்கள். மழையாலோ உடம்பு சரியில்லாமலோ வர முடியவில்லை என்றால் எத்தனை நாள் முன்பு சொன்னால் எவ்வளவு திரும்பும் என்பதை எழுத்தில் அனுப்பிவிடுங்கள். திருப்பித் தர வேண்டியதை அன்றே தந்துவிட வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. புதிதாகத் தொடங்குபவர்களைத் தேடியே மோசடிக்காரர்கள் வருகிறார்கள். ராணுவத்தில் அதிகாரி என்று சொல்லி, பத்துப் பேருக்கு அறை கேட்டு, சீருடையில் படமும் அனுப்புவார்கள். முன்பணம் அனுப்புகிறேன், இந்தக் குறியீட்டை ஸ்கேன் செய்து உங்கள் ரகசிய எண்ணைப் போடுங்கள் என்பார்கள். பணம் வாங்குவதற்கு ஸ்கேன் செய்யவும் வேண்டாம், ரகசிய எண்ணும் வேண்டாம். எண்ணைத் தட்டினால் பணம் உங்கள் கணக்கிலிருந்து போகும். வீட்டில் கைப்பேசி எடுத்துப் பேசும் ஒவ்வொருவருக்கும் இதைச் சொல்லி வையுங்கள். ஏமாந்துவிட்டால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல், இணைய மோசடிப் புகாருக்கான 1930 எண்ணை அழையுங்கள்.

9. பதிவும் படிவமும்

சுருக்கமாகச் சொல்கிறேன். வீட்டில் தங்க வைப்பதைச் சுற்றுலாத் துறையில் பதிவு செய்ய வேண்டும். மாவட்டச் சுற்றுலா அலுவலகத்தில் விவரம் தருவார்கள். காசுக்குச் சாப்பாடு போடுவதற்கு உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு வேண்டும், இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். தங்குபவர்களின் பெயர், முகவரி, அடையாள அட்டை விவரத்தை ஒரு பேரேட்டில் எழுதுங்கள். அடையாள அட்டைப் படங்களைக் குடும்பக் குழுவிலோ கைப்பேசியில் எல்லோரும் பார்க்கும் இடத்திலோ போட்டு வைக்காதீர்கள். வெளிநாட்டுக் கடவுச்சீட்டோடு யாராவது தங்கினால், வந்து 24 மணி நேரத்துக்குள் அவர் விவரத்தை அரசின் இணையப் படிவத்தில் (முன்பு சி படிவம் என்பார்கள்) நிரப்ப வேண்டும். சிங்கப்பூரிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் பூர்வீகம் தேடி வரும் தமிழர்கள் எங்கள் பக்கத்தில் நிறைய. பேச்சு தமிழ் என்பதால் பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

10. வந்த பிறகு

வந்து இறங்கியதும் வைஃபை கடவுச்சொல்லையும் வீட்டு விதிகளையும் எழுதிய ஓர் அட்டையைக் கொடுங்கள். அத்துடன் உங்கள் கைப்பேசியை உள்ளே வைத்துவிட்டு அவர்களோடு உட்காருங்கள். அவர்களை வைத்து வீடியோ எடுத்துப் போடும் ஆசை எனக்கும் இருந்தது. ஒரு தடவை ஒரு பெண், தான் இங்கே வந்திருப்பது சிலருக்குத் தெரியக் கூடாது என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். அதோடு நிறுத்திவிட்டேன். இப்போது அவர்களாக எடுத்து அனுப்பினால் மட்டும், கேட்டுவிட்டுப் பயன்படுத்துகிறோம்.

கிளம்பிப் போன மறுநாள், வரைபடத்தில் நாலு வரி மதிப்புரை எழுத முடியுமா என்று ஒரு முறை கேளுங்கள். நல்லதாக எழுதினால் விலை குறைப்பேன் என்று மட்டும் சொல்லாதீர்கள். குறை எழுதியிருந்தால் கோபத்தோடு பதில் போடாமல் ஒரு ராத்திரி தள்ளிப் போடுங்கள். ஒருவர், "ஓடுகளிலிருந்து பல்லி விழுந்தது" என்று எழுதினார். ஓட்டு வீட்டில் பல்லி இருக்கும்தான், இருந்தாலும் கட்டிலுக்கு மேல் துணி விதானம் கட்டினோம், கட்டிய படத்தோடு பதில் போட்டோம். அதற்குப் பிறகு வந்த மூன்று குடும்பங்கள் அந்தப் பதிலைப் படித்துவிட்டு வந்ததாகச் சொன்னார்கள்.

11. போனவர்களோடு தொடர்பு

ஜூலையில் நட்டுவிட்டுப் போன குழந்தைக்கு அந்தப் பயிர் என்ன ஆயிற்று என்று தெரிய வேண்டும். அதனால் அந்த வயலில் ஒரு மூலைக்கு அந்தக் குடும்பத்தின் பெயரை எழுதிய சின்னப் பலகை நடுகிறோம். நட்ட முப்பதாம் நாள் ஒரு படம். கதிர் வந்ததும் ஒரு படம். அறுப்புக்குப் பத்து நாள் முன்பு, தேதியோடு ஒரு செய்தி. மூன்றே மூன்று. காலை வணக்கம், பண்டிகை வாழ்த்து, தள்ளுபடி அறிவிப்பு எதுவும் அனுப்புவதில்லை. வாட்ஸ்அப்பின் பரப்புப் பட்டியல் வழியே அனுப்பினால் ஒவ்வொருவருக்கும் தனிச்செய்தியாகப் போகும், ஒருவர் எண் இன்னொருவருக்குத் தெரியாது. ஆனால் அவர்கள் உங்கள் எண்ணைச் சேமித்திருந்தால்தான் போய்ச் சேரும். ஊரை விட்டுக் கிளம்பும்போதே சேமிக்கச் சொல்லுங்கள்.

அறுப்புக்கு வர முடியாதவர்கள் அரிசி கேட்பார்கள். தபால் நிலையத்திலேயே பார்சல் அனுப்பலாம். எடை கூடினால் செலவும் கூடும் என்பதால் இரண்டு கிலோ, ஐந்து கிலோ பைகளாகப் போடுங்கள். மாப்பிள்ளைச் சம்பா அனுப்புகிறீர்கள் என்றால் பைக்குள் ஒரு துண்டுச் சீட்டும் வையுங்கள்: "முதல் நாள் இரவே ஊற வைக்கவும். தண்ணீர் வழக்கத்தைவிடக் கூடுதலாக விடவும்." சீட்டு வைக்காத வருடத்தில், மதியம் பன்னிரண்டு மணிக்கு ஒருவர் மாற்றி ஒருவர் அழைத்து, அரிசி வேகவில்லை என்றார்கள்.